ராஜம்மா குடியை விட்ட கதை

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. 'மெடிக்கல் கோடிங்' என்றால் அப்பா மருந்துக்கடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா அக்கம்பக்கத்தில், "நயினார் டாக்டருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கான்" என்று சொல்லிவைத்திருக்கிறாள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரகடம் சாலையில் ஒரு தனியார் மருத்துவமனை. அதில் மருந்துக்கடைக்குப் பின்னால், காலி ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கு இந்தப் பக்கம் என் மேஜை. டாக்டருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

நோயாளி வீட்டுக்குப் போனபிறகு அவருடைய கேஸ் ஷீட் என் கணினிக்கு வரும். டாக்டர் என்ன நோய் என்று எழுதியிருக்கிறாரோ அதற்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைப் போட வேண்டும். அவ்வளவுதான். விலங்கியல் படித்த நான் நேரில் பார்த்த ஒரே கல்லீரல் தவளையுடையது. ஆனாலும் கல்லீரல் நோய்களுக்கு எண் போடுவதில் எங்கள் டீமில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று டீம் லீடர் கவியாவே சொல்லியிருக்கிறாள். டீமில் நாங்கள் இரண்டு பேர்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு விதி. டாக்டர் எழுதியது நடந்தது, எழுதாதது நடக்கவில்லை. யோசிப்பது கோடரின் வேலையில் சேர்த்தி இல்லை. அந்த விஷயத்தில் எனக்கு இயற்கையாகவே நல்ல தேர்ச்சி இருந்தது.

கல்லீரலுக்கான எண்கள் 'கே' என்ற எழுத்தோடு எழுபதில் தொடங்கும். எழுபது என்றால் குடியால் கெட்டது. மற்ற காரணங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். எங்கள் பகுதியில் எழுபதைத் தாண்டுவது அபூர்வம். திங்கட்கிழமை காலையில் மஞ்சள் கண்களோடு வந்து உட்காரும் ஆண்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே பதில்களைத் தட்டித்தட்டி விரல் ஓய்ந்துபோன டியூட்டி டாக்டர் சக்திகுமார், கணினியில் ஒரு குறுக்குவழி செய்துவைத்தார். ஒரு புள்ளி வைத்து மூன்று எழுத்து அடித்தால் ஒரு முழுப் பத்தி வந்து விழும். 'இவர் பத்து வருடங்களாகத் தினமும் குடிப்பவர். கடைசியாகக் குடித்தது நேற்று மாலை.' நோயாளிகள் அதைக் கேட்டிருந்தால், தங்களை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஒரு டாக்டர் கிடைத்தாரே என்று கண்கலங்கியிருப்பார்கள். சக்திகுமார் மேல்படிப்புக்கு இடம் கிடைத்து மதுரைக்குப் போய்விட்டார். மூன்று எழுத்து இங்கேயே தங்கிவிட்டது.

நான் இருப்பது படப்பையில், ஒரு மாடிப் போர்ஷனில். கீழ்வீட்டில் வீட்டுக்காரர்கள். பிச்சையா அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் மனைவி ராஜம்மா வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டியவர் என்றாலும் "ஆன்ட்டின்னு கூப்டா வூட்ட காலி பண்ணிடு" என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் எனக்கு அக்கா.

ராஜம்மா அக்காவை இந்தப் பக்கத்தில் 'பூட்டு ராஜம்மா' என்றால்தான் தெரியும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு மதுக்கடை இருந்தது. அக்கா கேன்டீன் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைப் படியில் உட்கார்ந்தார். கோஷம் போடவில்லை. தினமும் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொண்டுபோய் அங்கேயே உட்கார்ந்து ஆய்ந்தார். அவர் மடியைத் தாண்டி உள்ளே போக ஆண்களுக்குக் கூச்சமாக இருந்ததோ, கீரைமேல் மிதிக்கப் பயமாக இருந்ததோ, வியாபாரம் படுத்துக் கடை வேறு எங்கோ போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மொட்டைமாடிக் குழாயில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த அக்கா ஒரு ஃபைலோடு மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. இரண்டு மாதம் முன்னால் மஞ்சள் காமாலை என்று எங்கள் மருத்துவமனையில்தான் படுத்திருந்தார். கண்ணில் அந்த மஞ்சள் இன்னும் போகவில்லை. காலும் வீங்கியிருந்தது.

"நயினாரு, நான் குடிகாரியா?"

வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டு, "யாருக்கா சொன்னா?" என்றேன்.

"உங்க ஆஸ்பத்திரிதான் சொல்லிகீது. எய்திக்கூட குட்துகீது. பாரு."

நடந்தது இதுதான். மஞ்சள் போகாததால் பிச்சையா அண்ணன் அவரைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்திருக்கிறார்கள்.

"அந்த டாக்டரு என் மூஞ்சியக்கூட பாக்கல. ஃபைல மட்டும் பாத்தாரு. 'குடிய வுட்டுட்டு ஆறு மாசம் கயிச்சி வாங்கம்மா, அப்பால மேல பாக்கலாம்'ன்றாரு. நான் இன்னாத்த வுடறது? டீயதான் வுடணும்."

"குடிக்கமாட்டேன்னு சொல்லலையாக்கா?"

"சொன்னேனே. 'எல்லாரும் அப்டிதாம்மா சொல்றாங்கோ'ன்னாரு. இந்த மனுசனாவது வாயத் தொறப்பாருன்னு பாத்தா, 'எனக்குத் தெரிஞ்சி குடிக்கமாட்டா சார்'ன்றாரு. தெரிஞ்சி! அப்போ தெரியாம குடிக்கிறேன்னுதான அவுங்க எட்துப்பாங்கோ?"

கீழேயிருந்து பிச்சையா அண்ணன் குரல் வந்தது. "நல்லதுக்குதான்டி சொன்னேன்!"

"நீ வாய மூடு!"

ஃபைலைப் பிரித்தேன். பத்து வருடங்களாகத் தினமும். கடைசியாக நேற்று மாலை. சக்திகுமார் ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் பார்த்த கேஸ். ஆங்கிலத்தில் அந்தப் பத்தி முழுவதும் ராஜம்மா அக்கா ஆணாக இருந்தார்.

என் கணினியில் நோயாளியின் பெயர் வராது. எண்ணும் வயதும் ஆணா பெண்ணா என்பதும்தான் வரும். அவர் படுத்திருந்தபோது நான் பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு மாடி வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, 'சீக்கிரம் வீட்டுக்கு வந்துருவிய' என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். அதே வாரம் கீழே இறங்கி வந்து, அவரைக் குடிகாரி என்று உலகத்தரத்தில் பதிவு செய்திருக்கிறேன். அந்த மாதத் தணிக்கையில் அந்தக் கேஸுக்கு நூற்றுக்கு நூறு.

"இன்னா நயினாரு, மூஞ்சி மாறுது?"

"ஒண்ணுமில்லக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

எனக்குப் பயம் வந்தது அவமானத்தால் இல்லை. எழுபது என்று எழுதிவிட்டால் அதற்குமேல் யாரும் தேடமாட்டார்கள். காரணம் கிடைத்துவிட்டது, நோயாளிதான் திருந்த வேண்டும். ஆனால் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவற்றில் சிலவற்றுக்கு மாத்திரை உண்டு என்பது எண்ணை மட்டுமே படித்தவனுக்கும் தெரியும். காரணம் எதுவென்று தெரியாமலே ஆறு மாதம் காத்திருந்தால், அக்காவின் கல்லீரலும் காத்திருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

மறுநாள் கவியாவிடம் போய் நின்றேன்.

"கோடர் எதையும் மாத்தக்கூடாது" என்றாள்.

"தெரியும்."

"டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம். ஆனா கேள்வியிலயே பதில் இருக்கக்கூடாது. 'இந்தம்மா குடிக்காதவங்கதானே'ன்னு கேட்டா உன்னையும் என்னையும் சேத்துத் தூக்கிடுவாங்க."

ஆகவே விதிப்படி கேட்டேன். நர்ஸ் வேல்விழி எழுதிய சேர்க்கைக் குறிப்பில் 'கெட்ட பழக்கம்: இல்லை' என்று இருந்தது. டாக்டர் குறிப்பில் பத்து வருடம் இருந்தது. இரண்டும் முரண்படுகின்றன, தயவுசெய்து தெளிவுபடுத்தவும்: (அ) குடியால் வந்தது (ஆ) வேறு காரணம் (இ) தீர்மானிக்க இயலவில்லை. சக்திகுமார் போய்விட்டதால் கேள்வி பெரிய டாக்டர் அறிவுமதி மேடத்துக்குப் போனது. மாலைக்குள் பதில் வந்தது. (இ).

அடுத்த நாள் அவர் ரவுண்ட்ஸ் முடித்து வரும்வரை லிஃப்ட் அருகே நின்றேன். டாக்டர் அறிவுமதி நல்லவர். ஒரு நாளைக்கு அவர் பார்க்கும் கூட்டத்தை நான் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன்.

"நயினார், நர்ஸ் கேட்டது நோயாளியைத்தானே? இந்தப் பக்கம் லிவர் கேஸ்ல 'நான் குடிக்கறதே இல்லை'ன்னு சத்தியம் பண்ணாதவங்க யாரு? கைல பாட்டிலோட வந்தவரு ஒருத்தர் சத்தியம் பண்ணிருக்காரு. வெளியாள் யாராவது சொல்லணும்."

"நான் சொல்லுதேன் டாக்டர். எங்க வீட்டுக்கார அம்மாதான்."

"நீங்க அவங்க வீட்டுல வாடகைக்கு இருக்கீங்க."

"ஆமா."

"உங்க சாட்சியை நீங்களே ஒத்துப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒத்துக்கொள்ள மாட்டேன்தான்.

இதற்கிடையில் சென்னை ஆஸ்பத்திரிக்காரர்கள் அக்காவிடம் இன்னொரு காகிதமும் கொடுத்திருந்தார்கள். படப்பைக்குப் பக்கத்திலேயே ஒரு குடிமீட்பு மையம். வியாழக்கிழமைதோறும் போய்வந்த அத்தாட்சி இருந்தால்தான் சென்னையில் டாக்டரைப் பார்க்க அடுத்த சீட்டு. "போறேன், இன்னா இப்ப? கத்தியா வெச்சிருக்கப் போறாங்கோ?" என்றார் அக்கா. பிச்சையா அண்ணனுக்குச் சவாரி இருந்ததால் நான் துணைக்குப் போனேன்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹாலில் வட்டமாக பிளாஸ்டிக் நாற்காலிகள். அக்கா வாசலில் கால் வைத்ததும் உள்ளே இருந்தவர்களில் ஐந்து பேர் எழுந்தார்கள். இரண்டு பேர் பின்வாசலைத் தேடினார்கள்.

வெல்டர் பகலவன் மட்டும் உட்கார்ந்தபடியே, "யம்மா, இத்தையும் மூட வன்ட்டியா?" என்றார்.

"குந்துங்கடா. நானும் உங்க க்ளாஸ்தான்."

எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிறகு ஒருவர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். அது வட்டம் முழுக்கச் சுற்றி வந்து அக்காவிடம் முடிந்தது.

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லி, அந்த வாரக் கதையைச் சொல்ல வேண்டும். அக்காவின் முறை வந்தது.

"நான் ராஜம்மா. நான் குடிக்கல."

ஆலோசகர் கங்கா அன்பானவர். "பரவால்லம்மா. மறுக்கறதுதான் முதல் கட்டம். எல்லாரும் இங்கிருந்துதான் ஆரம்பிச்சாங்க" என்றார்.

ஒரு மூலையிலிருந்து உச்சிமாகாளி எழுந்தான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் லைனில் வேலை, ஹாஸ்டலில் ஆறு பேரோடு ஓர் அறை. "மேடம், இவுக நெசமாவே குடிக்கமாட்டாக."

"நண்பர்களைக் காப்பாத்தறது ரெண்டாவது கட்டம் உச்சி. உட்காருங்க."

அடுத்தடுத்த வியாழன்களிலும் இதேதான். அக்கா எழுவார், குடிக்கவில்லை என்பார், கங்கா 'முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும்' என்று தட்டிக்கொடுப்பார். ஆனால் வேறு ஒன்று நடந்தது. வட்டத்தில் ஆள் குறைவது நின்றது. வராதவன் வீட்டுக்கு அக்கா போன் போட்டார். 'ஷிப்டு மாத்திட்டாங்க' என்றால் அந்தக் கம்பெனி கேன்டீனில் விசாரித்தார். இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியில் யாருக்கு எந்த ஷிப்ட் என்பது கேன்டீன்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

அக்காவின் கால் வீக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு வியாழன் அவரால் ஆட்டோவிலிருந்து தானாக இறங்க முடியவில்லை. பகலவனும் உச்சிமாகாளியும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். அவரை உட்காரவைத்துவிட்டு பகலவன் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ ஆஸ்பத்திரில இன்னாமோ எய்தற ஆளாமே. குடிக்கிறவன் மூஞ்சி எனுக்குத் தெரியாதா? வருசக்கணக்கா அந்தக் கட வாசல்ல நின்னவன் நானு. இந்தம்மா படியில குந்திகினு கீர ஆய்ஞ்சிகினு இருந்தப்போ, எதிர்ல நின்னு வாயில வந்தபடி திட்டிகீறேன். ஒரு நாளு அவங்கமேல வாசன வந்திருந்தா வுட்டிருப்பேனா? ஊரெல்லாம் மைக்கு வெச்சி சொல்லியிருக்க மாட்டேன்?"

அப்போதுதான் எனக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. கேஸ் ஷீட்டின் தொடக்கத்தில் எல்லா மருத்துவ மாணவர்களும் எழுதப் பழகும் ஒரு வரி இருக்கிறது. விவரம் சொன்னவர் யார், நம்பத்தக்கவரா. எண் போடுகிறவன் அதைப் படிப்பதே இல்லை. அதற்கு எண் கிடையாது.

"அண்ணே, இதை நாளைக்கு டாக்டர்கிட்ட வந்து சொல்லுவியளா?"

"காலீல ஷிப்டு கீதே... சரி, வரேன். ஆனா டாக்டரு என்ன ஊதச் சொல்லமாட்டாங்களே?"

மறுநாள் ஓ.பி.யில் டாக்டர் அறிவுமதி தலை நிமிர்ந்தபோது எதிரே ராஜம்மா அக்கா நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் பகலவன், உச்சிமாகாளி, அதே வட்டத்தில் உட்காரும் பெயின்ட் ஷாப் பிரசன்னா மூவரும் கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். மூவரும் தலை சீவியிருந்தார்கள். நான் கதவோரம், என் வேலையில் சேராத ஓர் இடத்தில்.

"நீங்கள்லாம் இவங்களுக்கு யாரு?" என்றார் டாக்டர்.

"எதிரிங்கோ மேடம்" என்றார் பகலவன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாங்க குடிக்கறவங்கோ மேடம். இப்ப வுட்டுகினு கீறோம். இவங்க எங்க கடைய மூடனவங்கோ. இவங்கமேல பொய் சொல்லணும்னா எங்களுக்கு அவ்ளோ காரணம் கீது. ஆனா இவங்க குடிக்கறாங்கன்னு மட்டும் வாய்ல வரமாட்டேங்குது."

"ஒரு சொட்டுகூடக் கெடையாது மேடம்" என்றான் உச்சிமாகாளி. "கடைய மூடுன அன்னைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் வெறியில இருந்தோம். இவுக ஒரு செம்புல மோர் கொண்டாந்து குடுத்தாக. நான் அதுல எதும் கலந்திருக்காகளோன்னு மோந்து பாத்தேன். மோருதான்."

"உப்பு ஜாஸ்தி" என்றான் பிரசன்னா. அவன் பங்குக்கு அதுதான்.

டாக்டர் சிரிக்கவில்லை. கணினிப் பக்கம் திரும்பி, அக்காவின் பழைய ரத்தப் பரிசோதனைகளை முதலிலிருந்து படித்தார். ஓர் இடத்தில் நின்றார். திரும்ப மேலே போனார்.

"குடின்னா இந்த ரெண்டு என்ஸைமும் இப்படி வராதே. தலைகீழா இல்ல இருக்கு" என்று தனக்குள் சொன்னார். பிறகு அக்காவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கண்களைப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார். "மூட்டு வலி இருக்கா? தைராய்டுக்கு மாத்திரை எடுக்கறீங்களா? இதெல்லாம் அப்பவே கேட்டிருக்கணும். நான்தான் கையெழுத்து போட்டிருக்கேன்."

"இப்ப கேக்கறீங்களேம்மா, போதும்" என்றார் அக்கா. பகலவன் உடனே சுவரில் இருந்த நீரிழிவுப் படத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

டாக்டர் தட்டச்சு செய்தது எனக்கு அன்று பிற்பகல் மேஜைக்கு வந்தது. 'விவரம் அளித்தோர்: குடிமீட்பு மையத்தில் உடன் பயில்வோர் மூவர். நம்பகத்தன்மை: நன்று. நோயாளிக்கு மதுப்பழக்கம் எக்காலத்திலும் இல்லை. முந்தைய பதிவு தவறு.' இத்தனை வருடத்தில் ஒரு கேஸ் ஷீட்டை நான் இரண்டு முறை படித்தது அதுதான்.

புதிதாக ரத்தம் எடுத்தார்கள். டாக்டரே சென்னையில் தனக்குத் தெரிந்த கல்லீரல் மருத்துவரிடம் போனில் பேசி, ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். ரிசல்ட் வந்தபோது அக்காவுக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பை என்னிடம் தள்ளினார். "நீங்கதானே அவங்க பாஷை பேசுவீங்க" என்றார். நான் திருநெல்வேலி.

"யக்கா, கிருமி வந்தா சண்டை போட ஒடம்புல ஒரு படை இருக்கும்லா. அது ஆள் தெரியாம ஒங்க ஈரலையே எதிரின்னு நெனச்சு அடிச்சிட்டிருக்கு. மாத்திரை இருக்கு. நாள்பட எடுக்கணும். ஆனா கேக்கும்னு சொல்லுதாக."

அக்கா வயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ என் வூட்டு வாசல்லயே நான் மறியல் பண்ணிகினு இருந்தேன்னு சொல்லு."

"அப்பிடியும் சொல்லலாம்."

"மாத்திர போட்டா அந்தப் படைக்காரங்கோ எயுந்து பூடுவாங்களா?"

"கொஞ்சங் கொஞ்சமா எந்திச்சிருவாகக்கா."

"கீர கொண்டாராம இருந்தா சரி" என்றார்.

நான் புது எண்ணைப் போட்டேன். கே எழுபத்தைந்து புள்ளி நான்கு. அந்த எண்ணை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. ஒரே நோயாளிக்கு முன்னுக்குப்பின் முரணான எண்கள் போட்டதற்காக அந்த மாதத் தணிக்கையில் எனக்கு மதிப்பெண் குறைந்தது. கவியா காரணம் கேட்டு விளக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தாள். அந்த மூன்று எழுத்துக் குறுக்குவழியை நீக்கச் சொல்லி டாக்டர் அறிவுமதி கடிதம் எழுதினார். அது சக்திகுமாரின் பெயரில் இருப்பதால் அவர் வந்துதான் நீக்க முடியும் என்று கணினிப் பிரிவு பதில் போட்டது. மறு கடிதத்துக்குப் பிறகு ஒரு சமரசம் ஆயிற்று. இப்போது அந்த மூன்று எழுத்தை அடித்தால் பத்திக்கு மேலே 'கேட்டுவிட்டு அடிக்கவும்' என்று வருகிறது.

மாத்திரையில் அக்காவின் கண் வெளுத்தது, கால் வற்றியது, முகம் மட்டும் உப்பிவிட்டது. "இப்பதான் பாக்க எங்காளு மாதிரி கீறே" என்று பகலவன் சொல்லி, முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டார்.

சென்னைக்கு அத்தாட்சி இனித் தேவையில்லை. ஆனாலும் அடுத்த வியாழன் சாயங்காலம் கீழேயிருந்து குரல் வந்தது.

"நயினாரு! கெளம்பு, டைம் ஆவுது!"

"எதுக்குக்கா? அதான் ஒங்களுக்குக் குடி இல்லைன்னு எழுதிட்டாகளே."

"எனுக்கு இல்லப்பா. நான் போலன்னா அந்தப் பசங்க பின்வாசல்ல பூடுவானுங்கோ."

ஹாலில் அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். கங்கா மேடத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது. அக்காவின் முறை வந்தபோது கட்டம் எதையும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் ராஜம்மா. நான் குடிக்கல."

"நான் பகலவன். நானும் இந்த வாரம் குடிக்கல" என்றார் அடுத்தவர்.

பிரசன்னாவும் குடிக்கவில்லை. வட்டம் அப்படியே நகர்ந்து உச்சிமாகாளியிடம் வந்தது. அவன் எழுந்து, தரையைப் பார்த்தபடி நின்றான்.

"நான் உச்சிமாகாளி. நானும் குடிக்கல." கொஞ்சம் நிறுத்தினான். "செவ்வாக்கெழமை தவுர."

அக்கா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்துப் பாதியைப் பிரித்து அவன் மடியில் வைத்தார்.

"சும்மா குந்தாத. ஆய்."